1955-இல் சாத்திய கதவு: இங்கிலீஷ் ஃபுட்பால் லீக்குக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். 1954-55 பருவத்தில் உங்கள் லீக்கின் சாம்பியனான லண்டன் அணி செல்சியை, ஐரோப்பிய நாடுகளின் கிளப்புகள் மோதும் ஐரோப்பியக் கோப்பைக்கு (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) போகவிடாமல் தடுத்தது உங்கள் சங்கம். எழுபது ஆண்டு கழித்து இதை எதற்குக் கிளறுகிறாய் என்று கேட்பீர்கள். முடிவெடுத்தவர்கள் போய்விட்டார்கள், சங்கம் இருக்கிறதே, அதனால்தான்.

1905-இல் தொடங்கிய செல்சிக்கு ஐம்பது ஆண்டாக ஒரு லீக் பட்டம்கூட இல்லை. 'பென்ஷனர்கள்' என்ற பட்டப்பெயர் வேறு. 1952-இல் மேலாளராக வந்த டெட் டிரேக் முதலில் அந்தப் பெயருக்குத்தான் முடிவு கட்டினார். சாம்பியனான பருவமும் ராஜநடையாக இருக்கவில்லை. அக்டோபரில் சொந்த மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெடிடம் 5-6 என்று தோல்வி. அன்றுதான் அறிமுகமான சீமஸ் ஓ'கானல், சம்பளம் வாங்காமல் ஆடிய அமெச்சூர், மூன்று கோல் போட்டும் பயனில்லை. ஆனால் ஏப்ரலில், பட்டத்துக்குப் போட்டியாக இருந்த வுல்வ்ஸ் அணி செல்சியின் மைதானமான ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜுக்கு வந்தபோது 75,043 பேர் திரண்டிருந்தார்கள். கோலுக்குப் போன பந்தை வுல்வ்ஸ் அணித்தலைவர் பில்லி ரைட் கையால் தட்டிவிட, நடுவர் முதலில் கார்னர் என்றார், பிறகு பெனால்டி கொடுத்தார். பீட்டர் சில்லெட் அடித்தார், 1-0. வெற்றிக்கு 2 புள்ளி தந்த அந்தக் காலத்தில் 42 ஆட்டத்தில் 52 புள்ளி. குறைச்சல்தான். இருந்தாலும் இரண்டாமிடத்து வுல்வ்ஸுக்கு 48தான்.

அந்த ஐரோப்பியக் கோப்பையே பிறந்தது உங்கள் ஊர்க்காரர்களின் வாயால்தான் என்பதுதான் வேடிக்கை. 1954 டிசம்பரில் வுல்வ்ஸ் ஹங்கேரியின் ஹோன்வெட் அணியை 3-2 என்று வென்றதும், உலகச் சாம்பியன் நாங்களே என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் முழங்கின. பிரான்ஸின் 'லெக்கீப்' இதழில் காப்ரியேல் அனோ, அதையும் பார்த்துவிடலாமே என்று ஐரோப்பிய அளவில் ஒரு போட்டியை முன்மொழிந்தார். செல்சி சம்மதித்தது, சுவீடனின் யுர்கார்டனுடன் முதல் ஆட்டம் என்று குலுக்கலும் முடிந்தது. பிறகுதான் உங்கள் சங்கம் 'அறிவுரை' சொன்னது: உள்நாட்டு ஆட்டங்களுக்கு இடைஞ்சலாகும், வேண்டாம் என்று. செல்சி ஒதுங்கியது. அந்த இடத்துக்குப் போலந்தின் க்வார்டியா வார்சா வந்தது.

அதே ஆண்டு ஸ்காட்லாந்திலிருந்து ஹிபர்னியன் போனது. அவர்கள் சாம்பியன்கூட இல்லை, தங்கள் லீக்கில் ஐந்தாமிடம். அரையிறுதிவரை ஆடிவிட்டு வந்தார்கள். அதனால் ஸ்காட்லாந்தில் எந்த லீக்கும் கவிழ்ந்துவிடவில்லை.

மறு ஆண்டு யுனைடெடுக்கும் இதே அறிவுரை வந்தது. அதன் மேலாளர் மேட் பஸ்பி கேட்கவில்லை, போனார். அந்தக் கோப்பை ஆட்டம் ஒன்றிலிருந்து திரும்பும் வழியில், 1958 பிப்ரவரி 6 மியூனிக் விமான விபத்தில் அவருடைய எட்டு வீரர்கள் உட்பட 23 பேர் இறந்தார்கள். அடுத்த பருவக் கோப்பைக்கு அனுதாபமாக ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் யுனைடெடை அழைத்தது. அதற்கும் உங்கள் சங்கம் மறுத்தது. எதிரணியான பெர்ன் நகரின் யங் பாய்ஸ் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போனது. 1955-ஐக்கூடப் புதுமையின் மேல் இருந்த பயம் என்று விட்டுவிடலாம். 1958-க்கு எனக்கு எந்தச் சமாதானமும் கிடைக்கவில்லை.

செல்சிதான் 2012-லும் 2021-லும் அதே கோப்பையை வென்றுவிட்டதே என்று சொல்லாதீர்கள். வென்றவர்கள் வேறு ஆட்கள். 21 கோல் போட்டு 1955 அணிக்குத் தலைமை தாங்கிய ராய் பென்ட்லி 2018-இல் காலமானார்.

நான் கேட்பது இரண்டு. 1955, 1958 ஆகிய இரு முடிவுகளையும் பேசிய குழுக் கூட்டக் குறிப்புகளை எல்லோரும் படிக்கும்படி முழுசாக வெளியிடுங்கள். செல்சிக்கும் யுனைடெடுக்கும் எழுத்தில் வருத்தம் தெரிவியுங்கள். அந்த வீரர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்கும் ஒரு நகல் போகட்டும்.

இப்படிக்கு,
பழைய புள்ளிப்பட்டியல்களைப் புரட்டும் ஒரு ரசிகன்