பினாங்கிலிருந்து நண்பனுக்கு: அந்த வீட்டைப் பற்றி

அன்பு நண்பனுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம்; உன் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல். கோலாலம்பூரிலிருந்து நீ எழுதிய கடிதம் வந்தபோது நான் அமெரிக்காவில் மகளிடம் இருந்தேன். பணி ஓய்வுக்குப் பிறகு பினாங்குக்கே திரும்பிவிடப் போகிறாய் என்று படித்ததும் நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் சுங்கை பினாங்கு ஆற்றுக்கு அருகே நீ பார்த்து வைத்திருக்கும் தரைவீட்டை வாங்கலாமா என்ற கேள்விக்கு என்னால் ஒரு வரியில் பதில் எழுத முடியவில்லை. அண்மையில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் நான் கண்டதை முதலில் சொல்லியாக வேண்டும்.

மகள் இருக்கும் பேடன் ரூஜிலிருந்து அந்த நகரம் காரில் ஒன்றரை மணி நேரம். 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி அடித்தபோது, கூரைகள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய, அவற்றின் மீது மனிதர்கள் நின்று கையசைத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோமே, அதே ஊர். கடல் பொங்கி ஊரை விழுங்கியது என்றுதான் இத்தனை ஆண்டுகளும் நான் நினைத்திருந்தேன். நடந்தது வேறு. நகரத்துக்கு வடக்கே பாண்ட்சார்ட்ரெயின் என்னும் பெரிய ஏரி இருக்கிறது, கடலோடு தொடர்புடையது. ஊரில் பெய்யும் மழைநீரை இறைத்து அந்த ஏரியில் விடுவதற்காகவே வாய்க்கால்கள் வெட்டியிருந்தார்கள். புயல் தள்ளிக்கொண்டு வந்த நீரால் ஏரி உயர்ந்தபோது, தண்ணீர் வெளியே போக வேண்டிய அதே வாய்க்கால்களின் வழியாக ஏரி ஊருக்குள் ஏறி வந்தது. கரைகளின் மேல் நின்ற கான்கிரீட் சுவர்கள் பதினேழாம் தெரு வாய்க்காலிலும் லண்டன் அவென்யூ வாய்க்காலிலும் சரிந்தன. கிழக்கே கப்பல் கால்வாயின் சுவரும் உடைந்து, ஏழை மக்கள் வாழ்ந்த ஒரு வட்டாரத்தையே துடைத்துக்கொண்டு போனது. நகரத்தின் 80 விழுக்காடு மூழ்கியது.

உடைந்த இடத்துக்கு என்னை அழைத்துச் சென்றவர் மகளுடைய தோழியின் தந்தை, எழுபது வயதைக் கடந்தவர். அவர் தம் இடக்கையைச் சுவர் போல் நிமிர்த்திப் பிடித்து, வலக்கையால் அதை மெல்லச் சாய்த்துக் காட்டினார். தண்ணீரின் பாரத்தில் சுவர் ஊர்ப்பக்கமாகச் சற்றே சாய்ந்ததாம்; சாய்ந்ததும் சுவருக்கும் மண்ணுக்கும் இடையே பிளவு விழுந்ததாம்; அந்தப் பிளவுக்குள் இறங்கிய தண்ணீர் சுவரை அடிவரை நெட்டித் தள்ள, கீழே இருந்த குழைந்த களிமண் வழுக்கிக்கொண்டு போய்விட்டதாம். தண்ணீர் சுவரின் உச்சியை எட்டுவதற்கு முன்பே அது நடந்துவிட்டது என்பதை அவர் இரண்டு முறை சொன்னார். அஸ்திவாரத்துக்கு அடித்த எஃகுத் தகடுகள் போதிய ஆழம் இறங்கியிருக்கவில்லை. கட்டிய ராணுவப் பொறியாளர் படையே 2006-இல் வடிவமைப்பில் குறை இருந்ததை ஒப்புக்கொண்டது. அதனால்தான் யாராவது அதை இயற்கைப் பேரிடர் என்று சொன்னால் அந்தப் பெரியவருக்கு முகம் மாறிவிடுகிறது. இப்போது எனக்கும் அந்தச் சொல் பிடிப்பதில்லை. புயல் இயற்கை, சுவர் மனிதன் கட்டியது.

அதைவிட என்னைக் கலக்கியது வேறொன்று. 1718-இல் பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஊரை நிறுவியபோது மிசிசிப்பி ஆற்றின் ஓரமாக, ஆறு பல காலமாக வண்டல் கொட்டி உயர்த்திய மேட்டில்தான் வீடு கட்டினார்கள். அந்தப் பழைய பகுதி 2005-இல் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டது. பிறகு வந்தவர்களுக்கு மேடு போதவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய இறைப்புப் பொறிகளை வைத்துச் சதுப்பு நிலத்தை வற்றவைத்து, அதன் மேல் தெருத்தெருவாக வீடுகளை எழுப்பினார்கள். நீர் வற்றிய சதுப்பு மண் நனைந்த பஞ்சு காய்ந்தது போலச் சுருங்கி அமுங்கியது. இன்று ஏறக்குறையப் பாதி நகரம் கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. காய வைக்கக் காய வைக்க நிலம் தாழ்கிறது. தாழத் தாழ இன்னும் இறைக்க வேண்டியிருக்கிறது. ஏரிப்பக்கத்துத் தெரு ஒன்றில் நின்றுகொண்டு, ஏரியைப் பார்க்க நான் கரை மேல் ஏற வேண்டியிருந்தது, நண்பா.

கால்வாய் உடைந்த வட்டாரத்தில் புல் மண்டிய மனைகளுக்கு நடுவே சிமெண்டுப் படிகள் மட்டும் நிற்கின்றன. மூன்று படி, நான்கு படி. மேலே வாசல் இல்லை, வீடும் இல்லை. அத்தகைய ஒரு படியில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெரியவரின் வீட்டுப் பரணில் இன்றும் ஒரு கோடரி இருக்கிறது. தண்ணீர் ஏற ஏறப் பரணுக்குள் ஒதுங்கியவர்கள் கூரையை உடைத்து வெளியேற வழியின்றி அங்கேயே மாண்டதை அந்த ஊர் மறக்கவில்லை. இறந்தவர்களில் மிகுதியானவர்கள் முதியவர்கள். வெளியேறும்படி ஆணையிட்டது புயலுக்கு முந்தைய நாள்தான். கார் இல்லாதவர்கள் எதில் ஏறிப் போவார்கள்?

அதன் பிறகு பல நூறு கோடி டாலர் செலவில் புதிய சுவர்களும் மதகுகளும் கட்டினார்கள். 2021-இல், அதே ஆகஸ்ட் 29 அன்று, ஐடா சூறாவளி வந்தபோது அவை தாங்கின என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் நகரம் முழுவதும் மின்சாரம் போய், பல நாள் வெயிலில் வெந்தார்கள்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். 2017 நவம்பர் 4, சனிக்கிழமை. ஐப்பசிப் பௌர்ணமியை ஒட்டிய நாள். தாழ்வழுத்தம் கொண்டு வந்த மழையும் காற்றும் இரவெல்லாம் ஓயவில்லை. தண்ணீர்மலைப் பக்கமிருந்தும் ஆயர் ஈத்தாம் பக்கமிருந்தும் இறங்கும் வெள்ளம் சுங்கை பினாங்கில் வந்து சேர, ஆறு கடலில் கலக்கும் இடத்தில் பௌர்ணமியின் கடல் பெருக்கு அதை வெளியே விடாமல் தடுத்து நின்றது. எங்கள் வீட்டில் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. முதலில் குளியலறைச் சாக்கடைத் துளையில் கொப்பளித்தது. துணியைச் சுருட்டி அடைத்தேன், துணியைத் தள்ளிக்கொண்டு வந்தது. அரை மணி நேரத்தில் அரிசித் தோம்பு மிதந்தது. அம்மாவைச் சாப்பாட்டு மேசை மேல் உட்கார வைத்துவிட்டு, மனைவி சாமி படங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அம்மாவின் மடியில் அடுக்கினாள். அந்த வெள்ளத்தில் பினாங்கில் ஏழு பேர் உயிரிழந்தார்கள். எங்களுக்குப் போனது பொருள்கள் மட்டுமே. சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தைப் பென்சிலால் கோடிட்டு வைத்தேன். பிறகு சாயம் அடிக்க வந்தவரிடம் அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். இன்றும் இருக்கிறது.

அன்று எங்கள் வடிகாலும் நியூ ஆர்லியன்ஸின் வாய்க்காலும் ஒரே வேலையைத்தான் செய்தன: வெளியேற்ற வேண்டிய தண்ணீரை உள்ளே கொண்டுவந்தன. இதை அங்கே போய்த்தான் நான் விளங்கிக்கொண்டேன். 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் உன் அண்ணன் குடும்பம் மாடியில் ஏறி நின்று படகுக்காகக் காத்திருந்த கதையை நீயே எனக்கு எழுதியிருந்தாய்; ஆகவே உனக்கு இதெல்லாம் புதிதல்ல.

விற்பனை முகவர் “இங்கே தண்ணீர் ஏறியதே இல்லை” என்று சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவர் சொல்லை வைத்து முடிவெடுக்காதே. அந்த வரிசையில் எத்தனை வீடுகளில் வாசற்படிக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்குச் செங்கல் கட்டியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார். மின்சாரப் பொருத்துவாய்கள் இடுப்புக்கு மேலே மாற்றப்பட்டிருக்கின்றனவா, பின்கட்டுச் சுவரில் புதுச்சாயம் கீழ்ப்பாதியில் மட்டும் பளபளக்கிறதா என்று கவனி. எதிர்வீட்டில் வயதான சீன அம்மா ஒருவர் இருப்பதாகச் சொன்னாயே, அவரிடம் கேள். அவர் மறைக்க மாட்டார். என்னைக் கேட்டால், ஆற்றை விட்டுச் சற்று மேடான பக்கம் சிறிய வீடாக இருந்தாலும் போதும் என்பேன். உனக்கும் வயதாகிறது, உன் மனைவிக்கு முழங்கால் வலி. நள்ளிரவில் மேசை மேல் ஏறும் வயதா நமக்கு?

ஆனாலும் அந்த வீட்டின் மேல் உனக்கு மனம் ஊன்றிவிட்டது என்று தெரிகிறது. அப்படியானால் வெயில் நாளில் வந்து பார்த்துவிட்டுப் போகாதே. நவம்பர் பௌர்ணமியன்று வா, எங்கள் வீட்டில் தங்கு. பெருக்கு ஏறும் நேரத்தில் இருவரும் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போய், வாசலுக்கு முன்னால் ஓடும் வடிகாலில் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று நின்று பார்ப்போம். அதுவரை முன்பணம் கொடுக்காதே.

என்றும் அன்புடன்,
உன் பழைய பள்ளித் தோழன்