பீடித்தட்டோடு உட்கார்ந்திருக்கும் மதினிக்கு

அன்புள்ள மதினிக்கு,

இதை மருமகள்தான் போனில் உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள். நடுவில் எதையாவது விட்டுவிட்டு வாசித்தால் அதட்டி வாசிக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கலாம்தான். ஆனால் முக்கூடல், ஆலங்குளம், கடையம் என்று நம் பக்கத்து ஊர்களில் தட்டை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்ற உட்கார்ந்திருக்கிற மதினிமார் எத்தனையோ பேர். அவர்கள் காதிலும் விழட்டும் என்றுதான் இதை எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன்.

கோயில் கொடைக்கு வந்திருந்தபோது ஒன்று சொன்னீர்கள். "ஏட்டி, உனக்கு மாசச் சம்பளம். காலையில பாய விரிச்சு யோகா பண்ணலாம். நான் பாய விரிச்சா தூக்கம்லா வரும்." எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் நீங்கள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. அடுக்களை, தண்ணீர், பிள்ளைகள், பீடி, இத்தனையும் போதாதென்று யோகா என்று இன்னொரு வேலையையும் தலையில் ஏற்றினால் யார் சுமப்பது?

அதனால் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள் என்று உங்களிடம் சொல்லமாட்டேன். பாளையங்கோட்டையில் என் யோகா வகுப்புக்கு வருகிறவர்களிடம் சொல்வேன், அவர்களுக்கு முடியும். உங்களுக்கு, இப்போது செய்துகொண்டிருக்கிற வேலைக்குள்ளேயே எங்கே இடம் கிடைக்கும் என்றுதான் யோசித்துப் பார்த்தேன்.

யோகா என்றாலே உடம்பை வளைப்பது என்று டிவியைப் பார்த்து நாம் எல்லோருமே முடிவு கட்டிவிட்டோம். 2015 முதல் ஜூன் 21 வந்தால் மைதானத்தில் வரிசையாக உட்கார்ந்து கையைத் தூக்கிப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எடுக்கட்டும். மறுநாள் அதே மைதானத்தில் ஈ காக்கை இருக்காது, அதுதான் எனக்குக் குறை. பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் 195 சூத்திரங்கள் இருக்கின்றன. ஆசனத்துக்கென்று அவர் ஒதுக்கியது மூன்றே மூன்று. அசையாமல், அதே சமயம் சிரமமும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார். திருமூலரும் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இதே எட்டு அங்கங்களைத்தான் வரிசைப்படுத்துகிறார்: இயமம், நியமம், ஆதனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி. ஆசனம் மூன்றாவது இடத்தில் நிற்கிறது, பாருங்கள். முதல் இரண்டும் அடுத்தவரிடமும் நம்மிடமும் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைப் பற்றியவை. அதற்குப் பாயும் வேண்டாம், விடியற்காலையும் வேண்டாம்.

ஆழ்வார்திருநகரிக்குப் போயிருந்தபோது கோயிலில் அந்த உறங்காப்புளிய மரத்தைச் சுற்றி வந்தோமே. நம்மாழ்வார் அதன் அடியில் 16 வருஷம் பேசாமல் யோகத்தில் இருந்தார் என்பது ஐதீகம். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நீங்கள் மட்டும் என் காதில், "பதினாறு வருசமா? இடுப்பு வலிச்சிருக்காதா?" என்றீர்கள். நாளெல்லாம் உட்கார்ந்தே சம்பாதிக்கிறவருக்குத்தான் அந்தக் கேள்வி வரும். சரி, இடுப்பிலிருந்தே தொடங்குவோம்.

நீங்கள் உட்காருகிற விதம் எனக்கு மனப்பாடம். தார்சாவில், அதுதான் முன்கட்டில், சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி, ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி, தட்டை மடியில் வைத்து, கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. மனுஷத் தலை நாலரை, ஐந்து கிலோ இருக்கும். நிமிர்ந்து இருந்தால் அந்தக் கனம் முதுகெலும்பில் இறங்கிவிடும். குனியக் குனியப் பிடரித் தசைதான் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும். இலை வெட்ட உட்கார்ந்ததிலிருந்து கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வரைக்கும் அதற்கு ஓய்வே கிடையாது. ராத்திரி தைலம் தேய்த்து என்ன செய்ய?

பழைய சேலை இரண்டை நன்றாக மடித்து, அதன்மேல் உட்காருங்கள். இடுப்பு உயர்ந்து முழங்கால் தாழ்ந்தால் முதுகு தன்னால் நிமிரும், நாம் ஒன்றும் விறைத்துக்கொண்டு நிமிர வேண்டியதில்லை. முதுகுக்குச் சுவர் இருக்கட்டும். நீட்டின காலையும் மடக்கின காலையும் அடிக்கடி மாற்றுங்கள். தட்டை மடியிலிருந்து எடுத்து ஒரு பலகைமேல் வையுங்கள், கழுத்து பாதி குனிந்தால் போதும் என்கிற உயரத்துக்கு. பதஞ்சலி சொன்ன ஆசனம் உங்கள் அளவில் இதுதான். இதை யாரும் மேடையில் செய்து காட்டமாட்டார்கள்.

அடுத்தது மூச்சு. 25 பீடி ஒரு கட்டு என்று உங்கள் கைக்கே கணக்குத் தெரியும். 25 சேர்ந்ததும் கையைக் கீழே வையுங்கள். முகத்தைத் தட்டை விட்டுத் திருப்பி, வாசல் வழியாகத் தூரத்தில் பாருங்கள். உங்கள் வீட்டு வாசலுக்கு நேரே மேற்கே மலை தெரிகிறது, எனக்கு இங்கே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரிகிறது. தோளைத் தளரவிட்டு, மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள். உள்ளே தானாக வரும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். இரண்டு மூன்று மூச்சு போதும். மூச்சு வெளியே போகும்போது நெஞ்சுத் துடிப்பு கொஞ்சம் மெதுவாகும், உள்ளே வரும்போது கொஞ்சம் விரைவாகும். இது எல்லோர் உடம்பிலும் நடப்பது. அதனால்தான் விடுகிற மூச்சை நீட்டச் சொல்கிறேன்.

700 சுற்றுகிற நாளில் இப்படி 28 தடவை வரும். தடவைக்கு அரை நிமிஷம் என்றால் எல்லாம் சேர்ந்து கால் மணி நேரம். அதற்குள் 20 பீடி போயிருக்குமே என்று நீங்கள் கணக்குப் போடுவீர்கள், எனக்குத் தெரியும். போகட்டும். மருந்துக் கடையில் மாத்திரைக்கும் தைலத்துக்கும் கொடுக்கிறதையும் அதே கணக்கில் எழுதிப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். புகையிலைத் தூளுக்கு மேலே குனிந்துகொண்டு மூச்சை ஆழமாக இழுக்காதீர்கள். பிராணாயாமம் என்று உட்கார்ந்து செய்வதாக இருந்தால், தட்டை எடுத்து வைத்து, கையை சோப்புப் போட்டுக் கழுவி, புறவாசலுக்கோ திண்ணைக்கோ வந்து செய்யுங்கள். விளக்கு வைக்கிறதற்கு முந்தின பத்து நிமிஷம் உங்களுக்கு ஒத்து வரும். புகையிலையின் நிகோடின் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். சாப்பிடுவதற்கு முன்னாலும், பேத்தியைத் தூக்குவதற்கு முன்னாலும் கை கழுவுவது நியமத்தில் முதலாவதாக வருகிற தூய்மையில் சேர்த்திதான். அப்புறம், மூச்சுப் பயிற்சி செய்தால் தூள் இருமல் ஓடிப்போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், யோகா டீச்சர் நானே சொல்கிறேன். இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நின்றால் ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். முக்கூடலிலேயே பீடித் தொழிலாளர்களுக்கென்று அரசாங்க ஆஸ்பத்திரி இருக்கிறது. பீடித் தொழிலாளி என்கிற அந்த அடையாள அட்டையை அரிசிப் பானைக்குள் வைத்திருந்தால் ஒன்றும் நடக்காது.

உங்களுக்குப் பிரஷர் இருப்பதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். வயிற்றை வேகமாக உதறி மூச்சுவிடுகிற கபாலபாதி வேண்டாம். மூச்சை உள்ளே அடக்கிப் பிடிப்பது வேண்டாம். தலைகீழாக நிற்பது வேண்டவே வேண்டாம். மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

ஆசனமே செய்யக்கூடாதா என்றால், செய்யலாம். ஆனால் பெரும்பாலான வகுப்புகளில் எடுத்தவுடன் குனிந்து காலைத் தொடச் சொல்வார்கள். நாளெல்லாம் குனிந்தே இருக்கிறவருக்கு இன்னும் குனிவதா முதல் பாடம்? உங்களுக்கு வேண்டியது எதிர்ப்பக்கம். கஞ்சி குடிக்க எழுந்திருக்கும்போது கதவு நிலையில் இரண்டு பக்கமும் கையை ஊன்றி, ஒரு காலை முன்னே வைத்து, நெஞ்சை மெதுவாக முன்னால் தள்ளுங்கள். முன்தோள் விரியும். ராத்திரி படுப்பதற்கு முன் குப்புறப் படுத்து, நெஞ்சுக்குப் பக்கத்தில் கையை வைத்து, தலையையும் நெஞ்சையும் கொஞ்சமாகத் தூக்குங்கள். அதுதான் புஜங்காசனம். பாம்பு மாதிரி படமெடுக்க வேண்டாம், நாலு விரற்கடை தூக்கினால் போதும். அப்புறம் மல்லாந்து படுத்து இரண்டு காலையும் சுவரில் சாய்த்துக் கொஞ்ச நேரம் கிடங்கள். உட்கார்ந்தே வீங்கிப்போன காலுக்கு அது நல்லது. அப்படியே தூங்கிவிட்டால் தூங்கிக்கொள்ளுங்கள், நான் குறை சொல்லமாட்டேன்.

இனி மனசு. இதில் உங்கள் வேலைக்கு ஒரு விசேஷம் உண்டு. கை பழகிவிட்டதால் பீடி தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், மனசு சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற மனசு எங்கே போகும்? 20 வருஷத்துக்கு முந்தின கல்யாண வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்பதற்குப் போகும். அது போகக்கூடாது என்றுதான் சீரியலைப் போட்டுக்கொள்கிறீர்கள், அங்கேயும் சண்டைதான். டிவியை அணையுங்கள் என்று சொன்னால் இந்தக் கடிதத்தை இத்தோடு நிறுத்திவிடுவீர்கள். அதனால் ஒரு கட்டு மட்டும் கேட்கிறேன். நாளைக்கு ஒரே ஒரு கட்டு, டிவி சத்தம் இல்லாமல், விரல் நுனியைப் பார்த்துச் சுற்றுங்கள். இலை எந்தப் பக்கம் மடங்குகிறது, தூள் எவ்வளவு நிற்கிறது, நூல் எங்கே இறுகுகிறது என்று. நினைப்பு எங்கேயாவது போனால் திட்டாமல் விரலுக்கே கூட்டி வாருங்கள். மனசை ஒன்றிலேயே நிறுத்துகிற தாரணைக்கு என் வகுப்பில் மெழுகுவத்தி கொளுத்தி வைக்கிறோம். உங்களுக்கு அதைவிட நல்ல சாமான் கையிலேயே இருக்கிறது.

இயமத்தில் முதலில் வருவது அகிம்சை, கொல்லாமை. நீங்கள் எறும்பைக்கூட மிதிக்காதவர். ஆனால் மணிக்கட்டு வீங்கி இருந்த அன்றைக்கும் துணியைச் சுற்றிக்கொண்டு எண்ணிக்கையை முடித்தீர்களே, அந்தக் கை யாருடையது? அண்ணன் கையாக இருந்தால் விட்டிருப்பீர்களா?

எங்கள் அம்மாவைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும், நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். அம்மாவின் வாய் எனக்குத் தெரியும், அந்த வாயில் நானும் வளர்ந்தவள். "மாமியாரிடம் பொறுமையாக இருங்கள்" என்று நாத்தனார் எழுதினால் அது யோகா இல்லை, பஞ்சாயத்து. அதனால் எழுதவில்லை. அம்மாவுக்கு வேறு கடிதம் போட்டிருக்கிறேன், அதைப் பொதுவில் போடமுடியாது.

கடைசியாக, போதுமென்ற மனசு. நியமத்தில் இதுவும் உண்டு. இதைத்தான் ஆளாளுக்குத் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். 1000 பீடிக்கு என்று கடையில் கொடுக்கிற இலை 1000 பீடிக்குக் காணாமல், குறைந்ததை நீங்கள் கைக்காசு போட்டு வெளியே வாங்கிச் சுற்றுகிறீர்கள். நன்றாக இருக்கிற பீடியையும் கழித்துப் போட்டால் வாயைத் திறப்பதில்லை. "நமக்கு எழுதினது அவ்வளவுதான்" என்று சொன்னீர்கள். மதினி, அது மனநிறைவு இல்லை, பயம். அடுத்தவர் உழைப்பை எடுக்காதே என்று இயமத்தில் ஒன்று இருக்கிறது. அது தட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவருக்கு மட்டும் எழுதினது கிடையாது, கடையில் எண்ணி வாங்குகிறவருக்கும் சேர்த்துத்தான். இலையை வாங்கும்போதே எடை பார்த்து வாங்குங்கள். குறைந்தால் அங்கேயே கேளுங்கள். கேட்பதற்கு முன்னால் அந்த நீள மூச்சை ஒன்று விட்டுக்கொண்டால் குரல் நடுங்காது, கத்தவும் தோன்றாது. தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் உங்கள் தெருவில் சங்கத்துக்குப் போகிற இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். யோகா செய்து செய்து எதையும் தாங்கிக்கொள்ளப் பழகிவிட்டேன் என்று நீங்கள் என்னிடம் வந்து சொன்னால் எனக்குச் சந்தோஷம் இருக்காது.

இப்போதைக்கு இவ்வளவு போதும். எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடிக்க வேண்டாம், முதலில் பலகையும் சேலை மடிப்பும். நீங்கள் சேலைமேல் உட்கார்ந்திருக்கும்போது, தரையிலிருந்து உங்கள் முழங்கை வரைக்கும் எத்தனை அங்குலம் என்று மருமகளை அளந்து அனுப்பச் சொல்லுங்கள். அதிலிருந்து மூன்று நாலு அங்குலம் குறைத்துப் பலகைக்குக் கால் வைத்தால் சரியாக இருக்கும். தச்சரிடம் அண்ணன் சொல்லட்டும், கூலி என் கணக்கு. பலகைக்கு ஓரச் சட்டம் வைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் தட்டு வழுக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்