அம்மாவின் காலைப் பார்த்துச் சொன்னவர்களுக்கு

காசிமேட்டு ஏலத்தில் அம்மாவோடு மீன் எடுக்கும் அக்காமார்களுக்கும், எங்கள் தெரு ஆட்டோ அண்ணனுக்கும், ஸ்டான்லி மருத்துவமனையில் அம்மாவைப் பார்த்துக்கொண்ட எல்லாருக்கும், முக்கியமாக ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டு மாற்றிய சிஸ்டருக்கும் வணக்கம்.

1988-ல் பம்ப் ஸ்டவ் வெடித்து அம்மாவின் வலது கெண்டைக்கால் வெந்துபோனது. நான் அப்போது பிறக்கவில்லை. மாதக்கணக்கில் வாழையிலையில் கிடந்து தானாக ஆறிய காயம். சுருங்கி, பளபளவென்று, ஒரு முடிகூட முளைக்காத தழும்பு. ஐஸ் தண்ணியிலும் உப்புத் தண்ணியிலும் நின்று நின்று அது அடிக்கடி வெடிக்கும், மூடும். போன வருஷம் தை மாசம் வெடித்தது மட்டும் மூடவே இல்லை. மஞ்சள் பத்து போட்டோம். ஒரு கிளினிக்கில் சுகர் புண் என்றார்கள். சுகர் பார்த்தால் சரியாக இருந்தது. அப்புறமும் ஆறு மாசம் ஆயின்மென்ட்டைத்தான் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆறு மாசத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

சிஸ்டர், உங்களிடம் அம்மா வந்ததே கட்டுத்துணி வாங்கத்தான். புண்ணோடு ஒட்டிப்போயிருந்த பழைய புடவைத் துணியை நீங்கள் பிய்க்கவில்லை. சலைன் விட்டு விட்டு, ஊறவைத்து, கால் மணி நேரம் பொறுமையாக எடுத்தீர்கள். நாற்றத்துக்கு நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீங்கள் குனிந்து பார்த்தீர்கள். "ஓரத்தைப் பாரும்மா, தடிச்சு உருண்டு பூக்கோசு மாதிரி எழும்பியிருக்கு. தொட்டாலே ரத்தம் கசியுது. ஆறுற புண்ணு சுருங்கும், இது வளருது. வெந்த தழும்பு மேல வர்ற புண்ண இப்டி விடக் கூடாது, நாளைக்கே போய்ச் சதை எடுத்துப் பாருங்க" என்றீர்கள். சீட்டு எழுதி, டாக்டரிடம் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தீர்கள்.

கத்தி பட்டால் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்தினார்கள். அம்மா வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். ஆட்டோ அண்ணன்தான் வாசலில் வண்டியை நிறுத்தி, "நீ ஏறாம நான் சவாரி போமாட்டேன்கா" என்று ஒரு மணி நேரம் நின்றார். அன்றைக்கு அவருக்குப் போன வருமானத்தை நான் எப்படித் திருப்பித் தருவேன்?

ஸ்டான்லியில் புண்ணின் ஓரத்தில் நாலு இடத்தில் துளித்துளியாகச் சதை எடுத்தார்கள். தோல் புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்தது. வெயில் படும் வெள்ளைக்காரர்களுக்குத்தானே அது வரும் என்று கேட்டேன். அந்த இளம் டாக்டரம்மா அத்தனை கூட்டத்திலும் உட்கார வைத்துச் சொன்னார்: நம் தோலின் கருமை வெயிலிலிருந்து காக்கும், தழும்புக்குக் காவல் இல்லை. ஒட்டுத்தோல் வைக்காமல் தானாக ஆறிய தீக்காயம் வருஷக்கணக்கில் வெடித்து வெடித்து மூடும்போது, இருபது முப்பது வருஷம் கழித்துக்கூட அதில் புற்று வரலாம். மார்ஜொலின் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1828-லேயே இந்தத் தழும்புப் புண்ணைப் பற்றி எழுதியிருக்கிறாராம். உள்ளங்காலிலோ நகத்தடியிலோ புதிதாகக் கறுப்பு படர்ந்தாலும் காட்ட வேண்டும் என்றார். அவர் சொன்னதை ஏலத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அடுப்பில் சுட்டுக்கொண்ட தழும்பு இல்லாத பொம்பளை நம் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

எக்ஸ்ரேயில் எலும்பு தப்பியிருந்தது. தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று ஸ்கேன் பார்த்தார்கள், இல்லை. புண்ணைச் சுற்றி 2 சென்டிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து ஆழமாக வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் சீவி ஒட்டினார்கள். ஐந்தாம் நாள் கட்டைப் பிரித்தபோது அந்தத் தோல் கண்ணி கண்ணியாக இருந்தது. விரிந்து பிடிக்கட்டும் என்று அப்படி மெஷினில் கீறுவார்களாம். அம்மா எட்டிப் பார்த்து, "என் கால்ல வலை வீசிட்டாங்கடி" என்றார். மூணு வாரத்தில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான். வெட்டிய ஓரங்களில் புற்று இல்லை என்று அடுத்த வாரம் ரிப்போர்ட் வந்தது. காப்பீட்டு அட்டை இருந்ததால் ஆபரேஷனுக்குக் கையிலிருந்து போகவில்லை.

அக்காமார்களே, இரண்டு மாசம் அம்மாவின் இடத்தில் வேறு யாரையும் உட்கார விடாமல், அவர் பங்குக்கும் மீன் எடுத்து விற்று, சாயங்காலம் காசை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து கொடுத்தீர்கள். அதற்கு நன்றி என்ற சொல் பத்தாது.

சிஸ்டர், போன வாரம் உங்களைத் தேடி வந்தோம். மாற்றலாகிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அம்மா இப்போது முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு ஏலத்துக்குப் போகிறார். மூணு மாசத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்கும் போகிறோம். இது உங்கள் கண்ணில் பட்டால் ஒருநாள் விடியற்காலை காசிமேட்டுக்கு வாருங்கள். அந்தக் காலை உங்களிடம் காட்ட வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
மீன்காரம்மாவின் மகள்
காசிமேடு