நொண்டியடிக்கச் சொல்லிப் பாருங்கள்

பள்ளிகளுக்கு வரும் மருத்துவப் பரிசோதனைக் குழுவினருக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும்,

வணக்கம். குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டாக, அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தருபவராக, வேலை பார்க்கிறேன்.

ஆர்.பி.எஸ்.கே. என்ற தேசியக் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் வருடத்துக்கு ஒருமுறை பள்ளிக்கு வருகிறீர்கள். கண், காது, பல், ரத்தசோகை எல்லாம் பார்க்கிறீர்கள். உங்கள் பட்டியலில் இயக்க வளர்ச்சித் தாமதமும், அதாவது உடலசைவுத் திறன் வயதுக்கேற்ப வளராததும், இருக்கிறது. ஆனால் நன்றாக நடந்து வந்து நன்றாகப் பேசும் பிள்ளைக்கு அந்தக் கட்டத்தில் டிக் விழுந்து நான் பார்த்தது அபூர்வம்.

அப்படிப்பட்ட பிள்ளைகளில் சிலருக்கு, மூன்றாம் வகுப்பு வந்தும் சட்டைப் பொத்தானை அம்மாதான் போட்டுவிட வேண்டும். டிபன் பாக்ஸைத் திறந்தால் பாதி சாம்பார் மடியில். பென்சிலை அழுத்துகிற அழுத்தில் நான்கு கோடு நோட்டின் அடுத்த பக்கத்திலும் தடம். பந்து முகத்தில் பட்ட பிறகுதான் கை மேலே வரும். 'சோம்பேறி' என்ற பட்டமும் சீக்கிரமே கிடைத்துவிடும். 5 முதல் 11 வயது வரையிலானவர்களில் 100க்கு 5, 6 பேருக்கு, கை கால் அசைவுகள் ஒன்றோடொன்று இசைந்து வராத இந்த இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு இருப்பதாகக் கணக்கு. 40 பேர் வகுப்பில் இரண்டு பேர்.

இதைப் பலரும் டிஸ்பிராக்சியா என்பார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கற்றல் குறைபாடுகளின் கீழ் அதைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போனாலோ, அங்கே சோதிப்பதில் வாசிப்பும் எழுத்தும் கணக்கும்தான் பிரதானம்.

எம்.ஏ.பி.சி.-2 போன்ற முறையான சோதனை, கைவேலை, எறிந்து பிடித்தல், சமநிலை மூன்றையும் அளக்கும். விலை அதிகம், அளவுகோலும் பிரிட்டன் பிள்ளைகளை வைத்துப் போட்டது. சரி, அது நீங்கள் பிள்ளைகளை மேல் பரிசோதனைக்கு அனுப்பும் மாவட்ட மையத்தின் வேலை. பள்ளியில் உங்களுக்கு வேண்டியது ஐந்து நிமிடமும் ஒரு பந்தும். நொண்டியடிக்கச் சொல்லுங்கள், பந்தைப் பிடிக்கச் சொல்லுங்கள், பொத்தானைக் கழற்றி மாட்டச் சொல்லுங்கள். அப்புறம் டீச்சரிடமும் அம்மாவிடமும் கேளுங்கள். அன்றாட வேலை தடுமாறுகிறதா, சின்ன வயதிலிருந்தே இப்படியா என்று தெரியாமல் முடிவுக்கு வர முடியாது. அன்றைக்கு ஒருமுறை பந்தை விட்டால் அது குறைபாடு ஆகிவிடாது.

இன்னொன்றைத் தவற விடாதீர்கள். தரையில் உட்காரவைத்து எழச் சொல்லுங்கள். தொடையில் கையை ஊன்றி ஊன்றி எழுந்தாலோ, முன்பு ஏறிய படியில் இப்போது ஏற முடியவில்லை என்றாலோ, அது தசைநோயாக இருக்கலாம். அந்தப் பிள்ளையை எங்களைப் போன்றவர்களிடம் அனுப்பிக் காலம் கடத்தாமல், நேராக நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

அடுத்த கல்வியாண்டுப் படிவத்தில் இவற்றுக்கு நான்கு வரி ஒதுக்க வேண்டும். பரிந்துரைச் சீட்டில் 'நரம்புப் பிரச்சினை' என்று எழுதி வீட்டைக் கலங்கடிக்காமல், பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: 'ஒற்றைக் காலில் நிற்கவில்லை, பொத்தான் போடவில்லை.'