அந்த மன்னிப்புக் கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள்

தாளாளர் ஐயாவுக்கும் முதல்வர் அம்மாவுக்கும் வணக்கங்க.

போன வாரம் என் மகளையும் அவளோடு படிக்கிற இரண்டு பையன்களையும் ஆபீஸ் ரூமில் நிற்க வைத்து என்ன எழுதி வாங்கினீர்கள் என்பது உங்களுக்கே தெரியும். அந்தக் கடிதத்தை மூன்று பேருக்கும் திருப்பிக் கொடுங்கள். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நம் பள்ளியில் பத்தாவது படிக்கிற ஒரு தம்பி காலையில் வேனில் கொண்டு போகிற தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே வீட்டுக்கு வரும். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போனால் வெளியே தாழ்போட்டுவிட்டு "பொம்பளைங்க பக்கம் போடா" என்று கத்துவார்கள். பங்குனி வெயிலில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் நீர்க்கடுப்பு வந்து, ஈரோட்டில் டாக்டரிடம் காட்டியபோதுதான் அவன் அம்மாவுக்கே விஷயம் தெரிந்திருக்கிறது. அவர் வந்து சொன்னதற்கு வகுப்பாசிரியர், "முதல்ல உங்க பையன் நடையை மாத்தச் சொல்லுங்க" என்றாராம்.

அப்புறம்தான் இந்த மூன்று பேரும் இறங்கினார்கள். பையன்கள் இருவரும் ஒவ்வொரு இன்டர்வெல்லுக்கும் அவனோடு போய்க் கதவுக்கு வெளியே நின்றார்கள். என் மகள் நடந்ததை எழுதி, வகுப்பில் கையெழுத்து வாங்கி உங்களிடம் கொடுத்தாள். பெரியவங்க செய்திருக்க வேண்டிய வேலைங்க அது. அதற்கு டிசி கொடுத்துவிடுவோம் என்று மிரட்டல், "பள்ளியின் பெயரைக் கெடுத்தோம்" என்று ஒரு கடிதம். தாழ்போட்டவர்களிடம் ஒரு வரியாவது எழுதி வாங்கினீர்களா?

அவன் யாரை விரும்புவான் என்பது அவன் சொந்த விஷயம், நானும் கேட்கவில்லை, நீங்களும் கேட்க வேண்டாம். ஒரே பாலினத்தவரை விரும்புவது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலமாகவே பெற்றோருக்கு இதைப் புரிய வைக்கச் சொன்னார். அதற்கு முன் தானே ஓர் உளவியல் நிபுணரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டவர் அவர். நம் கூட்டத்தில் நீட் கோச்சிங் ஃபீஸும் சென்டம் எத்தனை என்பதும் தவிர வேறு என்ன பேசியிருக்கிறோம்? ரிசல்ட் வந்தால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஃப்ளெக்ஸ் வைக்க ஆள் இருக்கிறது, பாத்ரூம் பக்கம் பத்து நிமிடம் நிற்க ஒரு வாத்தியார் இல்லை.

சரிங்க, கோபத்தில் நீண்டுவிட்டது. தயவுசெய்து கேட்கிறேன். இன்டர்வெல்லில் அங்கே ஓர் ஆசிரியரை நிறுத்துங்கள், அந்தத் தம்பியின் அம்மாவைக் கூப்பிட்டு மரியாதையாகப் பேசுங்கள், கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள். அது உங்கள் ஃபைலில் இருக்கிற வரைக்கும் ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் எழுந்து இதையே கேட்பேன்.

இப்படிக்கு,
பிளஸ் ஒன் மாணவி ஒருத்தியின் அப்பா
பெருந்துறை