பூனையை நகல் எடுக்கப் பணம் கட்டும் முன்

அன்புள்ள கயலு,

பொரி போனதிலிருந்து நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். அழ வேண்டுமென்றால் அழு, அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் அவள் தோலில் துளி எடுத்து வைத்திருக்கிறோம், 50,000 டாலர் கட்டினால் குளோனிங் செய்து அதே பொரியைக் கொடுத்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நடுவிலேயே "அம்மா, விலங்கியல் கிளாஸ் எடுக்காதே" என்பாய்.

அதே பொரி வரமாட்டாள். பாதி முகம் ஆரஞ்சு, பாதி கறுப்பு, இடது காதுக்குப் பின்னால் கரித்துணி பட்ட மாதிரி ஒரு திட்டு, இதெல்லாம் டிஎன்ஏவில் எழுதி வைத்த படம் இல்லை. ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பொரிக்கு இரண்டு எக்ஸ், ஒன்றில் ஆரஞ்சு, இன்னொன்றில் கிடையாது. கரு கருப்பையில் ஒட்டுகிற சமயத்தில் ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒன்றை மூடிவிடும், எதை மூடுவது என்பது குருட்டாம்போக்கு, ஆனால் ஒருமுறை மூடியதை அந்தச் செல்லின் வாரிசுகள் எல்லாம் ஆயுசுக்கும் மூடியே வைத்திருக்கும். ஆரஞ்சு எக்ஸ் மூடிய இடம் கறுப்புத் திட்டு, மற்றது மூடிய இடம் ஆரஞ்சுத் திட்டு. மரபியலாளர் மேரி லயன் 1961இல் எலிகளின் ரோம நிறத்தை வைத்தே இதைச் சொல்லிவிட்டார். (அவளிடம் இருந்த வெள்ளை வேறு கதை, நிறமிச் செல்கள் போய்ச் சேராத இடம் அது.)

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 2001 டிசம்பரில் பிறந்த சிசிதான் முதல் குளோன் பூனை. செல் கொடுத்த ரெயின்போ, நம் பொரி மாதிரியே மூவண்ணம். சிசியிடம் ஆரஞ்சு மருந்துக்குக்கூட இல்லை! எடுத்த செல்லில் ஆரஞ்சு எக்ஸ் ஏற்கெனவே மூடிக் கிடந்தது, குளோன் கருவில் அது திறக்கவே இல்லை. மற்றபடி நன்றாகத்தான் இருந்தாள், குட்டி போட்டாள், 18 வயது வாழ்ந்தாள்.

ஏன் திறக்கவில்லை என்பதுதான் விஷயம். எந்த மரபணு வேலை செய்ய வேண்டும், எது மூடிக் கிடக்க வேண்டும் என்று டிஎன்ஏ மேல் குறிகள் ஒட்டியிருக்கும், மீத்தைல் என்ற சின்ன வேதித் துணுக்குகள்தான் அவற்றில் முக்கியம். இயல்பாக உண்டாகும் கருவில் முதல் வேலையே பழைய குறிகளைத் துடைப்பது. விந்தணு கொண்டுவந்த மீத்தைல் குறிகளில் பெரும்பகுதி, கரு இரண்டாகப் பிரிவதற்கு முன்பே, சில மணி நேரத்தில் போய்விடும். முட்டையின் குறிகள் செல் பிரியப் பிரியக் குறையும். அப்புறம் கரு ஒட்டும் சமயத்தில் புதுக் குறிகள் ஏறும். இது அப்பா வழி, இது அம்மா வழி என்ற முத்திரை மட்டும் சில மரபணுக்களில் துடைபடாமல் தங்க வேண்டும். 1984இல் கேம்பிரிட்ஜில் அசீம் சுரானி குழுவினர் அம்மா வழி டிஎன்ஏவையே இரண்டு பங்காக வைத்து எலிக் கருக்கள் செய்து பார்த்தார்கள், அப்பா வழி முத்திரை இல்லாமல் ஒன்றும் பிழைக்கவில்லை. குளோனிங்கில் என்ன செய்கிறார்கள்? எத்தனையோ வருஷம் தோலாகவே இருந்த செல்லின் உட்கருவை முட்டைக்குள் வைத்து, எல்லாவற்றையும் மற என்கிறார்கள். துடைக்க வேண்டியது பாதி நிற்கும், நிற்க வேண்டியது போய்விடும். பெரும்பாலான கருக்கள் அங்கேயே முடிந்துவிடும். குளோனிங்கில் பிறந்த டாலி ஆட்டுக்கு 277 முயற்சி. சிசிக்கு 8 பூனைகளின் வயிற்றில் 87 கருக்கள் வைத்தார்கள், பிறந்தது ஒன்று.

அப்பா பணத்தை நினைத்துக் கத்துகிறார், அது அவர் கவலை. எனக்கு அந்த வாடகை வயிற்றுப் பூனைகள்தான் உறுத்துகின்றன. ஒரு குட்டி பிறக்க எத்தனை பூனைகளுக்குக் கரு வைப்பீர்கள், எத்தனை கலையும், பிறந்து செத்தவை எத்தனை என்று அந்தக் கம்பெனிக்காரர்களிடம் எழுத்தில் கேள். பதில் வரும்வரை ஒரு டாலரும் கட்டாதே. வந்ததும் எனக்கு அனுப்பு, படித்துவிட்டுச் சொல்கிறேன்.

அம்மா