டக் டக் சத்தமும் ஒத்திவைத்த தீர்ப்பும்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய தவளைச் சத்த ஒலிப்பதிவை நேற்றிரவு ஹெட்போன் மாட்டி நான்கு தடவை கேட்டேன். முதலில் வெறும் இரைச்சல்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒரே ஒரு குரலைப் பிடித்துப் போனதும், அடியிலிருந்து இன்னொன்று பிரிந்து வந்தது. மரக்கட்டையை விரலால் தட்டுவது போல, விட்டு விட்டு, டக் டக் டக். மரத்தவளை என்று நீ சொன்னது சரி.

கூப்பிடுவது பெரும்பாலும் ஆண். பெண் தன் இனத்தைத் தவறாமல் கண்டுபிடிக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு இனத்துக்கும் தனி அழைப்பு. வட அமெரிக்காவின் சாம்பல் மரத்தவளைகளில் இரண்டு இனங்கள் பார்வைக்கு அச்சு அசல் ஒன்றுதான். ஒன்றுக்குக் குரோமோசோம்கள் மற்றதைப் போல இரண்டு மடங்கு. அதன் குரலில் துடிப்பு மெதுவாக இருக்கும், மற்றதில் வேகமாக இருக்கும். அதிலும் ஒரு சிக்கல்: குளிர்ந்த இரவில் வேகமான இனமும் நிதானமாகிவிடும். அதனால் அடுத்த முறை வெப்பநிலையையும் குறித்து அனுப்பு, மறக்காதே.

அப்புறம், தீர்ப்பை ஒத்திவைத்திருக்கிறார்களே, அந்தத் தேர்தல் வழக்கு. நீதிபதி ஒரு தரப்பு வக்கீலைத் துளைத்தெடுத்தார், எனவே அந்தப் பக்கம் தோற்கும் என்று எழுதியிருக்கிறாய். இதில் உன்னோடு ஒத்துப்போக முடியவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பது தவளைக்குச் சரி, நீதிபதிக்குச் சரிவராது. தான் ஏற்கப்போகும் வாதத்தையே அவர் அதிகமாக அழுத்திப் பார்ப்பதும் உண்டு.

விசாரணையில் பெரிதாகத் தெரிவதே தீர்ப்பை முடிவு செய்வதில்லை என்பதற்கு ஒரு பழைய வழக்கைப் பார். இந்திரா காந்தி 1971-ல் ரேபரேலியில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அவரிடம் தோற்ற வேட்பாளர் ராஜ் நாராயண் வழக்குப் போட்டார். வாக்காளர்களுக்குப் போர்வையும் மதுவும் கொடுத்தார்கள் என்ற பெரிய குற்றச்சாட்டு நிற்கவில்லை. நின்றவை இரண்டு. மேடைக்கும் ஒலிபெருக்கி மின்சாரத்துக்கும் அரசு அதிகாரிகளைப் பயன்படுத்தியது ஒன்று. அரசுப் பணியில் இருந்த யஷ்பால் கபூரைத் தேர்தல் வேலையில் இறக்கியது இன்னொன்று. அந்த இரண்டை வைத்துத்தான் 1975 ஜூன் 12-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா அந்த வெற்றி செல்லாது என்றார்.

ஆகவே விசாரணையின் சூட்டை விட்டுவிட்டு நீ சொன்ன வழக்கின் மனுவை எடுத்துப் படி. தேர்தல் முறைகேடுகளைப் பட்டியலிடும் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123-ஆம் பிரிவில் எந்த உட்பிரிவைச் சொல்கிறார்கள், அதற்கு என்ன சாட்சி வைத்திருக்கிறார்கள் என்று பார். அதன் பிறகு நீ ஊகம் சொன்னால் உட்கார்ந்து கேட்கிறேன்.

அதற்குள் பதிவின் கடைசி இருபது நொடியை இன்னொரு தடவை கேள். டக் டக் நின்றதும், தொண்டைக்குள் எதையோ உருட்டுவது போல ஒரு குரல் ஒரே ஒரு முறை வருகிறது. அது எந்தத் தவளை என்று நீயே எழுது.

அன்புடன்,
அண்ணன்